கத்தரிக்காய் வார வேலைநிறுத்தம்

எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள். மூன்று நான் பெற்றவை, மூன்று என் ஓரகத்தி பெற்றவை. யார் யாருடையது என்று யாராவது கேட்டால், சாப்பிடும்போது ஆறும் என்னுடையவை, எதையாவது உடைத்தால் ஆறும் அவளுடையவை என்று சொல்லிவிடுவேன். அவளும் இதையே தன் பக்கத்துக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அருப்புக்கோட்டைப் பக்கத்து அண்ணன் தம்பி இருவரை நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு, ஓசூருக்கு வெளியே பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரே வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். கொழுந்தனார் கர்நாடக எல்லையைத் தாண்டிப் போய் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குவார். ஓரகத்தி சூளகிரிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து அவளை அள்ளிக்கொண்டு போகும். எந்த பஸ்ஸும் வந்து அள்ளாத ஒரே ஆள் நான்தான்.

பெரிய பிள்ளைகள் முதலில் பள்ளிக்கூடம்தான் போனார்கள். இரண்டு தெரு தள்ளி இருந்த சின்னப் பள்ளிக்கூடம் நோய்க் காலத்தில் மூடியது, திறக்கவே இல்லை. இப்போது அங்கே யாரோ அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். மற்ற பள்ளிகளுக்கு வேனில் போய்வர விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். "வேற நல்ல ஸ்கூல் கெடைக்கிற வரைக்கும் நீங்களே பாத்துக்கங்கக்கா" என்றாள் ஓரகத்தி. நான் சிங்காரப்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் கிருஷ்ணகிரியில் பி.எஸ்.சி. கணக்கு படித்தவள். படித்த கணக்கை மளிகைச் சாமானில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு இது பிடித்துப்போனது. கிடைக்கிற வரைக்கும் என்று தொடங்கியது பல வருஷம் ஓடிவிட்டது. தேடுவதை நாங்களும் நிறுத்திவிட்டோம். வயது வந்ததும் பரீட்சைகளைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம் என்று விசாரித்து வைத்துக்கொண்டோம்.

ஆறு பேருக்கும் ஒரே ஆள் பாடம் எடுப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்பார்கள். அப்போது பெரியவளுக்குப் பதினாலு. அவள் என் மகள். அவளுக்கு அடுத்தவன் ஓரகத்தியின் மகன், பன்னிரண்டு. அவனை நடுவன் என்போம். பிறகு என் இரட்டைப் பையன்கள், பத்து. ஓரகத்தியின் சின்னவளுக்கு எட்டு, கடைக்குட்டிக்கு ஐந்து. ஒருத்தி சமன்பாட்டில் நிற்கிறாள், ஒருவன் 'ழ' போடத் தெரியாமல் முட்டை போடுகிறான். ஆறு பேருக்கு ஆறு பாடம் தயார் செய்தால் நான் சாப்பிட முடியாது, அவர்களும் சாப்பிட முடியாது.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாரத்துக்கு ஒரு பொருள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் உண்ட மயக்கத்தில் கிடக்கும்போது, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பச்சைப் பலகை முன்னால் சாக்பீஸோடு நின்று யோசிப்பேன். அந்த வாரம் தக்காளி என்றால் எல்லோருக்கும் தக்காளி. கடைக்குட்டி விதை எண்ணுவான். சின்னவள் தக்காளியைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுவாள். இரட்டையர் கூடைக்கு எத்தனை, வண்டிக்கு எத்தனை கூடை என்று பெருக்குவார்கள். நடுவன் அதை அழுக விட்டுத் தினமும் மோந்து பார்த்துக் குறிப்பு எழுதுவான். பெரியவளுக்கு அதன் புளிப்பிலிருந்து அமிலப் பாடம். ஒரே தக்காளி ஆறு வகுப்புக்கும் ஓடும். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருக்கும்.

தக்காளி வாரம் வந்ததற்கும் காரணம் இருந்தது. ஓரகத்தியோடு வேலை பார்க்கும் பெண் வீட்டில் தக்காளி விளைந்து விலை போகாமல் கிடந்தது. கம்பெனி பஸ்ஸிலேயே ஒரு கிரேட் பெட்டி நிறைய ஏற்றி அனுப்பிவிட்டாள். பாடம் முடிந்த தக்காளியைத் தூக்கியா போட முடியும்? திங்கள் ரசம், செவ்வாய் தொக்கு, புதன் தக்காளிச் சாதம், வியாழன் மறுபடி ரசம். வெள்ளிக்கிழமை தட்டில் குழம்பை ஊற்றியபோது கடைக்குட்டி தட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"பெரியம்மா, இதுலயும் பாடம் போட்டிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஞாயிறு மத்தியானம் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த வாரத் தலைப்பைப் பெரிதாக எழுதினேன்: கத்தரிக்காய்.

எனக்குக் கத்தரிக்காய் பிடிக்கும். பாடத்திட்டம் போடுகிறவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தொழிற்சங்கக் கமிட்டியில் இருக்கிறார். அந்தச் சமயம் அவர்கள் கம்பெனியில் சம்பள ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் வராந்தாவில் உலாத்திக்கொண்டு போனில்தான் பேசுவார். கேட் மீட்டிங், கறுப்பு பேட்ஜ், கோரிக்கை மனு, நிர்வாகத்தின் போக்கு. உள்ளே ஆறு பேரும் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காதை அவர் பக்கம் வைத்திருப்பார்கள்.

"பசங்க முன்னாடி இதெல்லாம் வேணாங்க" என்று ஒருநாள் சொன்னேன்.

"இருக்கட்டும்மா, நாலு நல்ல விசயம் தெரிஞ்சுக்கிரட்டும்" என்றார்.

தெரிந்துகொண்டார்கள்.

திங்கள் காலை இட்லி முடிந்து, பாத்திரம் கழுவி, கையில் இரண்டு கத்தரிக்காயோடு கூடத்துக்கு வந்தேன். ஒருவரும் இல்லை. வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே பாயை விரித்து ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் சட்டையிலும் ஊக்கு குத்திய கறுப்புத் துணி. அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அடுத்த மழைக்குத்தான் தெரிந்தது. என் குடை.

பெரியவள் கையை உயர்த்தினாள். மற்ற ஐந்தும் கத்தின.

"வேண்டாம் வேண்டாம்! கத்தரிக்காய் வாரம் வேண்டாம்!"

"படித்ததைச் சமைக்காதே! சமைத்ததை நடத்தாதே!"

எதிர்வீட்டில் மாடு வைத்திருக்கும் தெலுங்குக்கார அம்மா சாணிக் கூடையோடு நின்றுவிட்டார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவன் எழுந்து வந்து ஒரு தாளை நீட்டினான். சங்கத்தின் செயலாளராம்.

தாளில் 'பொருள்' என்று போட்டு, அடிக்கோடு போட்டு, கோரிக்கைகள் இருந்தன. பகலில் நடத்திய பொருள் இரவில் தட்டுக்கு வரக் கூடாது. ஒரு பொருளை ஒரு வாரம் முழுக்க இழுக்கக் கூடாது. பாடத்திட்டம் போடுவதில் பிள்ளைகளுக்கும் பொறுப்பு தர வேண்டும். கடைசியில் வேறொரு கையெழுத்தில், எழுத்துக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, 'நாய்குட்டி' என்று இருந்தது.

"இதென்னாடா?"

"அது அவன் சொந்தக் கோரிக்க, பெரியம்மா. வேணாம்னு சொன்னோம். கேக்கல" என்றான் நடுவன்.

உண்மையைச் சொன்னால், மனுவைப் படிக்கப் படிக்க எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ல, ள எல்லாம் அதது அதன் இடத்தில் இருந்தது. அவ்வளவு நல்ல கட்டுரையை அவர்கள் எனக்கு எழுதித் தந்ததே இல்லை. ஆனால் 'பொறுப்பு' என்பதைச் சின்ன ர போட்டு எழுதியிருந்தார்கள். நாய்க்குட்டிக்கு 'க்' இல்லை. உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்து வந்து இரண்டையும் சுழித்து, தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பிழை திருத்தி எழுதிக்கினு வாங்க. அப்பறம் பேசலாம்."

ஒப்பந்தப் பேச்சில் நிர்வாகம் இப்படித்தான் காலம் கடத்தும் என்று என் வீட்டுக்காரர் நூறு தடவை போனில் குமுறியிருக்கிறார். காதை வைத்துக் கேட்டவர்கள் அவர்கள் மட்டும் இல்லையே.

அவர் அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். காலையில் வீட்டில்தான் இருந்தார். லுங்கியும் துண்டுமாக வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, பாத்துக்கினே இருக்கீங்க. பசங்கள உள்ள வரச் சொல்லுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "என்னைய வெளி ஆலோசகரா இருக்கச் சொல்லிக் கேட்டாக. நேத்து ராத்திரியே ஒத்துக்கிட்டேன்."

"என்னாது?"

"வெளையாட்டுக்குன்னு நெனச்சேன். ஆனா வாக்குக் குடுத்துட்டு எப்பிடிம்மா மாத்துறது? நமக்கு நிர்வாகத்துப் பக்கம் நின்னு பழக்கமும் இல்ல."

"அப்ப மத்தியானச் சாப்பாடும் சங்கத்துலயே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே வந்து என்ன செய்வது? வீடு அமைதியாக இருந்தது. கொழுந்தனாரின் குறட்டை மட்டும் கேட்டது. அப்படி ஓர் அமைதியில் நான் உட்கார்ந்து வருஷக்கணக்காகியிருந்தது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மா ஒரு குண்டான் நிறைய மோர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பாபம் பிள்ளைங்க, வெயில்ல குந்திக்கினு இருக்காங்க" என்று என் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "ஏமக்கா, படிக்க மாட்டேன்னா போராட்டம்?"

"கத்தரிக்கா வேணாம்னு, அத்தை!" என்று இரட்டையரில் ஒருவன் விளக்கினான்.

"அய்யய்யோ, கத்தரிக்கா எவ்ளோ ருசி!" என்றார் அந்த அம்மா. இந்த உலகத்தில் எனக்கென்று ஓர் ஆளாவது இருக்கிறது என்று ஆறுதலாக இருந்தது.

மோர் வந்துவிட்டால் போராட்டம் நீளும். சங்கத்தை உடைப்பதுதான் வழி என்று முடிவு செய்தேன். யார் பலவீனம் என்று பார்த்தால் கடைக்குட்டி. அவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, இரட்டையரின் விளையாட்டு விசிலைக் கழுத்தில் மாட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கூடத்தின் நடுவில் போட்டேன்.

"இன்னையிலிருந்து நீதான் சூப்பர்வைசர். சூப்பர்வைசருங்க சங்கத்துல இருக்கக் கூடாது. பெரியப்பா கம்பெனியில அப்புடித்தான்."

அவன் விசிலைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். சட்டையிலிருந்த கறுப்புத் துணியைத் தானே பிய்த்து என் கையில் கொடுத்தான். ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்ட நிம்மதியில், கூடத்திலேயே பாயைப் போட்டுக் கொஞ்சம் கண்ணை மூடினேன்.

காதுக்குள்ளேயே விசில் அடித்தது. பதறி எழுந்தேன்.

"பெரியம்மா! டூட்டி நேரத்துல தூங்கக் கூடாது!"

வெளியே ஐந்து பேரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார், எனக்குக் கேட்டது. நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன், விசில். போனை எடுத்தேன், விசில். அடுத்த அறையில் தூங்கிய அவன் அப்பாவை எழுப்பி, "ஏன் லேட்டு?" என்று கேட்டுவிட்டு வந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவனை வேலையிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. சங்கம் அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது.

சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று ஓரகத்தியை இறக்கிவிட்டது. பஸ் நிறையப் பெண்கள், ஜன்னலெல்லாம் தலைகள். பிள்ளைகள் பஸ்ஸைப் பார்த்ததும் கோஷத்தை ஏற்றினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். யாரோ ஒரு பெண் கன்னடத்தில் என்னவோ கத்த, பஸ்ஸே சிரித்தது. ஓரகத்தி துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னக்கா இது, ரோட்டுல ஒக்காந்து மானத்த வாங்குதுக! நாளைக்குக் கம்பெனி லைன்ல எல்லாரும் என்னையக் கேப்பாக."

"உம் புள்ளைங்கதான்" என்றேன்.

"கத்துறதுல பாதி உங்களுது."

பிறகு அவளுக்கு விஷயம் முழுவதையும் சொன்னேன். மனு, சிவப்புப் பேனா, சூப்பர்வைசர், மோர். அடுப்படித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவுக தொழிலாளி, நீங்க மேனேஜ்மென்ட்டு. அப்ப நான் யாரு?"

"நீ வெளிநாட்டுல இருக்கற மொதலாளி. எப்பவாவது வந்து எட்டிப் பாத்துட்டுப் போவ."

"அப்ப நாளைக்குப் பேச்சுவார்த்தைய வைங்க. இந்தக் கூத்தப் பாக்காம வேலைக்குப் போவேனா?" என்று அப்போதே கம்பெனிக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். என்ன காரணம் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய் காலை கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். ஒரு பக்கம் நானும் ஓரகத்தியும். எதிரே ஆறு பேர், அவர்களுக்குப் பின்னால் வெளி ஆலோசகர். பேச்சுவார்த்தை என்றால் டீயும் கிரீம் பிஸ்கட்டும் வைக்க வேண்டும் என்று அவர் விடாப்பிடியாகச் சொன்னதால் அதுவும் இருந்தது. பிழை திருத்திய மனுவை நடுவன் எழுந்து நின்று வாசித்தான்.

"நடத்துனதச் சமைக்க மாட்டேன். ஒத்துக்கறேன்" என்றேன்.

பெரியவளுக்கே ஆச்சரியம். இவ்வளவு சீக்கிரம் நான் இறங்கி வருவேன் என்று எதிர்பார்க்கவில்லை. நான் தொடர்ந்தேன்: "அடுத்த வாரம் கோழியப் பத்தி நடத்தலாம்னு இருக்கேன். அதுக்கடுத்த வாரம் மீன். அப்பறம் முட்ட."

இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அக்கா, அப்ப கோழிக் கொழம்பு?" என்று ஒருவன் பெரியவளின் காதில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. ஆறு தலையும் ஒன்றாகக் கூடிக் கிசுகிசுத்தன. பிறகு பெரியவள் நிமிர்ந்து, "ஒரு சின்னத் திருத்தம். காய்கறிக்கு மட்டும்" என்றாள்.

"எழுதிக்க" என்றாள் ஓரகத்தி.

கோழிக் குழம்பு வாரம் முழுக்க ஓடட்டும் என்று, ஒரு பொருளை ஒரு வாரம் இழுக்கக் கூடாது என்ற கோரிக்கையை அவர்களே அடித்துவிட்டார்கள். நாய்க்குட்டி பரிசீலனையில் இருக்கிறது என்றேன். கடைக்குட்டி அந்தச் சொல்லைக் கேட்டு, நாய்க்குட்டி எங்கேயோ ஓர் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு திருப்தியாகிவிட்டான். பாடத்திட்டம் போடுவதில் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையில்தான் இழுபறி. கடைசியில், மாதத்தில் ஒரு வாரம் முழுப் பொறுப்பும் அவர்களுடையது என்று முடிவானது. அவர்களே திட்டம் போட்டு, அவர்களே நடத்த வேண்டும். ஆறு பேருக்கும் புரிய வேண்டும். அந்த வாரம் நானும் மாணவியாக உட்காருவேன்.

"எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்" என்றேன். "எனக்கு வார லீவே இல்ல. ஞாயித்துக்கெழம நான் அடுப்படிக்கு வர மாட்டேன். அன்னைக்குச் சமையல வெளி ஆலோசகர் பாத்துக்கட்டும்."

என் வீட்டுக்காரர் பிஸ்கட்டை வாயில் வைத்தபடி நிமிர்ந்தார். "இந்தா, அது எப்பிடி..." என்று தொடங்குவதற்குள், "ஏற்கிறோம்!" என்று ஆறு குரலும் ஒன்றாகச் சொல்லிவிட்டன.

"ஏய், என்னையக் கேக்க வேணாமா?"

"பெரும்பான்மை, பெரியப்பா" என்றான் நடுவன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷம் எத்தனையோ நிர்வாகிகள் எதிரில் உட்கார்ந்து அசையாதவர், சொந்தச் சங்கத்தால் விற்கப்பட்டுவிட்டார்.

மீதி வாரம் கத்தரிக்காய்ப் பாடம் ஒழுங்காக நடந்தது. சொன்ன சொல்படி ஒருநாள்கூட நான் அதைச் சமைக்கவில்லை. நாள் முழுக்கக் கத்தரிக்காயைப் பற்றியே பேசிவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தயிர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய், அந்த அம்மா செய்த எண்ணெய்க் கத்தரிக்காயைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, தயிர் வாங்க மறந்து திரும்பினேன்.

கோழி வாரத்தைத் தள்ளிவைத்தோம். அடுத்த வாரம் அவர்களுடையது. திங்கள்கிழமை இரட்டையர் பொறுப்பு. பலகையில் 'ஒலி' என்று எழுதியிருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். எல்லோரையும் சத்தம் போடாமல் வரச் சொல்லி, நேராகக் கொழுந்தனார் தூங்கும் அறைக்குக் கூட்டிப் போனார்கள். கட்டிலைச் சுற்றி ஆறு பேரும் தரையில் உட்கார, நான் கதவோரம் நின்றேன். குறட்டை ஏறுவதும் இறங்குவதும் வரைபடத்தாளில் கோடாக வந்தது. மூச்சை இழுக்கும்போது ஒரு சுருதி, விடும்போது ஒரு சுருதி என்று சின்னவள் குறித்தாள். மூக்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு சோதனை திட்டத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. கடைக்குட்டி பிடித்தே விட்டான். கொழுந்தனார் அலறி எழுந்து, தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, "அண்ணனக் கூப்புடுங்க!" என்றார். அந்த வரைபடம் இன்னும் எங்கள் கூடத்தில் ஒட்டியிருக்கிறது. நல்ல வரைபடம்.

செவ்வாய் நடுவனுடையது. டவுன் பஸ்ஸில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனான். கர்நாடக பஸ்களின் கன்னட போர்டைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். கன்னடத்தில் பேசு என்றால் காய்கறி பேரம் பேசும் அளவுக்குப் பேசுவேன். எழுத்து எனக்கு ஜாங்கிரி பிழிந்த மாதிரிதான் தெரியும். தின்பண்டத்துக்காக எதிர்வீட்டுக்கு அலைந்து அலைந்து, அந்த அம்மாவிடமே தெலுங்கும் கன்னடமும் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த சின்னவள், "பெரியம்மா, இதுகூடத் தெரியலியா, அத்திப்பள்ளி!" என்று கூட்டத்தின் நடுவில் சத்தமாகக் கேட்டாள். நான் வகுப்பில் அதே குரலில் கேட்பேனாம். அப்படியே இருந்தது என்று மற்ற ஐந்து பேரும் சான்று சொன்னார்கள்.

புதன்கிழமை பெரியவளின் முறை. அவள் என்னைவிடக் கண்டிப்பு. பின்னம் என்று எழுதி, ஆறு பேருக்கும் தனித்தனி அட்டை தயார் செய்து வைத்திருந்தாள். பிஸ்கட்டைப் பாதியாக, காலாக உடைத்து உடைத்துச் சொல்லிக் கொடுத்தாள். யாரும் பேசக் கூடாது, எழக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது. சின்னவளுக்குக் கண் கலங்கியது. இரட்டையர் கொட்டாவி விட்டார்கள். கடைக்குட்டி அரைக்கும் காலுக்கும் நடுவில் எங்கேயோ தொலைந்துபோனான். சாயங்காலம் அவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, ரகசியமாகச் சொன்னான்: "பெரியம்மா, அக்கா மீதி பிஸ்கட்டெல்லாம் தின்னுட்டா."

சின்னவளும் வந்தாள். இரட்டையரும் வந்தார்கள். அடுப்படியில் அன்று ஒரு சிறு கூட்டம் நடந்தது. நான் அதிகம் பேசவில்லை. ஒன்றிரண்டு யோசனை சொன்னேன், அவ்வளவுதான்.

வியாழன் காலை, மீதிப் பின்னத்தை முடிக்கப் பெரியவள் அட்டைகளோடு கூடத்துக்கு வந்தாள். யாரும் இல்லை. வாசலில் அதே பாய், அதே கறுப்புத் துணி, நான்கு பேர்.

"பாதி பாதி என்றாயே! மீதி எங்கே தின்றாயே!"

எதிர்வீட்டு அம்மா மறுபடி மோர்க் குண்டானை எடுக்க உள்ளே போனார். நடுவன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நேராக அடுப்படிக்கு வந்தாள். நான் மும்முரமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா."

"என்னாம்மா?"

"பாதி, மீதி. என்றாயே, தின்றாயே. இந்த எதுகை அதுங்களுக்கு வராது."

நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"நீதான எழுதிக் குடுத்த?"

"அவங்க சங்கத்துக்கு என்னை ஆலோசகரா இருக்கச் சொல்லிக் கேட்டாங்க. வாக்குக் குடுத்துட்டேன்" என்றேன்.

அவள் முறைத்தாள். முறைப்பு நிற்கவில்லை. உதடு துடித்து, இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவளுக்கு எதுகை சொல்லிக் கொடுத்தது நான்தான். என்னிடமே கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு அவள் தரையில் உட்கார்ந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி கேட்டாள்.

"கடைக்குட்டிக்கு எப்புடிம்மா பின்னம் சொல்றது?"

"அவனுக்கு எதுக்குடி இப்பப் பின்னம்? பங்கு பிரிச்சு எல்லாருக்கும் குடுக்கச் சொல்லு. தப்பாக் குடுத்தா அவங்களே சொல்லிக் குடுத்துருவாங்க."

அவள் ஒரு புதுப் பாக்கெட் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் கடைக்குட்டி ஒவ்வொருவர் மடியிலும் பிஸ்கட் வைத்துக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தனக்குத்தான் அதிகம் வைத்துக்கொண்டான். வாசலில் பெரிய சண்டை நடந்தது. பின்னம் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானம் பலகை முன்னால் நான் தனியாக நிற்பதில்லை. பெரியவளும் சாக்பீஸோடு வந்து நிற்பாள். அந்த வாரம் என்ன என்பதில் எங்களுக்குள் நடக்கும் சண்டையில் உறங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அடுப்படியில் என் வீட்டுக்காரர் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். முதல் ஞாயிறு அவர் வைத்த கோழிக் குழம்பில் அருப்புக்கோட்டை மிளகாய் அத்தனையும் இருந்தது. எல்லோரும் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டோம். கம்பெனியில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, "வீட்டுல பேசுனது மாதிரி அங்கிட்டும் ரெண்டே நாள்ல முடிச்சிருந்தா எவ்வளவு நல்லாருக்கும்" என்று பெருமூச்சு விட்டார். இப்போது அவர் கை நன்றாகப் பழகிவிட்டது. அதை வெளியே சொன்னால் வாரத்தில் இன்னொரு நாளையும் கேட்டுவிடுவேன் என்று பயந்து, வேண்டுமென்றே உப்பைக் கூட்டிக் குறைத்து வைக்கிறாரோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

பெரியவள் இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். நாய்க்குட்டி இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. கடைக்குட்டி அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டான்.

இந்த வாரம் மறுபடி பிள்ளைகளுடைய முறை. நாளைக்கு இரட்டையரின் பாடம். பலகையில் 'நீர்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. காலையிலிருந்து என் சல்லடையைக் காணோம். மொட்டைமாடி டேங்கின் மூடியையும் குளியலறைக் குழாயையும் யாரோ கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். மாணவிக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்களாம். மாற்றுத் துணி மட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.